மரமும் திருகாணியும்

ஆப்பசைத்த குரங்கு என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. பாதி அறுத்த மரத்தின் பிளவிலே தச்சன் ஒருவன் ஆப்பை அடித்து வைத்துவிட்டு உணவுண்ணச் சென்றான். அதன் மேல் வந்து அமர்ந்த குரங்கு அவ்வாப்பை ஆட்டிப் பிடுங்கியது. விரிந்து நின்ற பிளவு மூடிக்கொண்டது, குரங்கு அகப்பட்டுக்கொண்டது. தமக்கு உரியதல்லாத செயலில் தலையிடலாகாது என்பதற்காக இக்கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தச்சு வேலை பயில்வோர்க்கோ இக்கதையில் வேறொரு பாடமும் உண்டு. மரத்தைப் பிளப்பதற்கென மனிதன் கண்ட கருவி ஆப்பு. மரத்தோடு மரத்தைச் சேர்ப்பதற்கென அவன் கண்ட கருவி திருகாணி. முன்னது பிரிப்பது, பின்னது இணைப்பது. எனினும், தக்க துளையிடாமல் முடுக்கப்படும் திருகாணி மாறுவேடம் பூண்ட ஆப்பாகவே வேலை செய்கிறது. இணைக்க வந்த பொருள் பிளக்கும் பொருளாவது ஏன், அதனைத் தடுப்பது எவ்வாறு என்பவற்றையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலில் மரத்தின் இயல்பை அறிவோம். இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு தீக்குச்சியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதனைக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள். சிறிது வளைந்து, எதிர்த்து, பிறகே ஒடியும். இன்னொரு குச்சியை எடுத்து, அதன் முனையில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் எளிதிற் பிளந்துவிடும். மரம் என்பது அடிமரத்தின் நீளத்திற்கு நிமிர்ந்து நிற்கும் நுண்ணிய குழல்களின் கட்டு. வைக்கோற் கட்டு ஒன்றை நினைத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். ஒவ்வொரு வைக்கோலும் நீளவாக்கில் இழுவையைத் தாங்கும்; ஆனால் ஒரு வைக்கோலை அடுத்த வைக்கோலிலிருந்து பிரிப்பதற்கு வலிமை வேண்டுவதில்லை. மரத்தை இழையின் போக்கில் இழுத்தால் அது தாங்கும் வலிமையோடு ஒப்பிட, இழைக்குக் குறுக்கே இழுத்தால் அது தாங்குவது பல மரங்களில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். பெருஞ்சுமை தாங்கும் உத்தரம் ஒரு சிறு கோடரிக்குப் பிளந்து போவது இக்காரணத்தாலேயே.

இனித் திருகாணியைக் காண்போம். அதன் நடுவில் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி மரை, மேலே தலை. இம்மூன்றனுள் மரத்தைப் பற்றி இழுக்கும் வேலையைச் செய்வது மரை ஒன்றே. தண்டு மரையைச் சுமப்பதற்காக உள்ளது. அது மரத்தில் இடத்தை அடைத்துக்கொள்ளுமேயன்றி, பிடிப்பிற்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. தண்டு புகும் இடத்தில் முன்பே துளை இல்லையாயின், அங்கிருந்த மரம் இரு பக்கமும் ஒதுங்கித் தீரவேண்டும். ஒதுங்க இடமிருந்தால் நெருங்கி நிற்கும். இடமில்லையேல் இழை விட்டுப் பிளக்கும்.

பழங்காலத்துத் திருகாணிகளுக்குக் கூர்முனை கிடையாது. அவற்றின் நுனி மொட்டையாக இருந்தமையால், துளையிடாமல் அவற்றை மரத்தில் செலுத்துதல் இயலாது. அமெரிக்கராகிய தாமஸ் ஸ்லோன் 1846-ஆம் ஆண்டில் கூர்முனைத் திருகாணிக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நெட்டில்ஃபோல்டும் அவருடைய மைத்துனர் சேம்பர்லெயினும் 1854-ஆம் ஆண்டில் அவ்வுரிமையை விலைக்குப் பெற்றுத் தொழில் நடத்தினர். நெட்டில்ஃபோல்டு என்னும் பெயர் நம் நாட்டு ஆணிக் கடைகளிலும் நெடுங்காலம் வழங்கிய பெயரே. கூர்முனையால் வேலை எளிதாயிற்று; அதனோடு ஒரு மயக்கமும் புகுந்தது. தானே வழி செய்துகொண்டு போகும் ஆணிக்குத் துளை எதற்கு என்று எண்ணத் தோன்றிவிட்டது. இந்நாளில் மின்விசைத் துரப்பணம் வீடுதோறும் வந்துவிட்டது. கை சோர்வடைவதே இல்லை. ஆதலால் அம்மயக்கமும் வளர்ந்துவிட்டது. கையால் திருப்புளி பிடித்துத் திருகியவனுக்கு மரம் எதிர்ப்பது மணிக்கட்டில் தெரியும். எந்திரத்தைப் பிடித்தவனுக்குப் பிளவின் ஓசை கேட்ட பிறகே தெரிகிறது.

இதனால் விளையும் கேடு பலகைக்கு மட்டும் உரியதன்று. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றிற்கு ஒரு பட்டறையினர் பெஞ்சுகள் செய்து அனுப்பினர். பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஒரு கோடை கழிவதற்குள் அவற்றுட் பலவற்றின் இருக்கைப் பலகையில் நீளவாக்கில் மயிரிழைபோன்ற பிளவு தோன்றியது. பிள்ளைகள் அமரும்போது அப்பிளவு விரியும், எழும்போது மூடும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தபோது அவள் தொடைச் சதை பிளவிற் சிக்கிக் குருதி கசிந்தது. அன்று மாலையே எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரை வரவழைத்தேன். அவர் பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பலகையின் இழையோட்டத்தின் மீது ஒரே கோட்டில் ஆறு திருகாணிகள் வரிசையாக நிற்பதைக் காட்டினார். ஓர் ஆணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, இந்த ஆணி உள்ளே போகிறதென்றால் அந்த இடத்து மரம் எங்கே போகும்?” என்று கேட்டார். தச்சுத் தொழிலைப் பற்றி நான் படித்த நூல்கள் பல பக்கங்களில் விளக்கியதனை அவர் ஒரு வினாவில் அடக்கிவிட்டார்.

பாறை உடைப்போரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடைக்க வேண்டிய கோட்டின் மீது வரிசையாகச் சிறு குழிகள் இடுவர். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு ஆப்பை வைத்து, மாறி மாறித் தட்டிக்கொண்டே செல்வர். பாறை அக்கோட்டின் வழியே பிளந்து விழும். அந்தப் பெஞ்சுப் பலகைக்கு நேர்ந்ததும் அதுவே. அத்தச்சர் ஆணிகளைக் களைந்தார். பிளவில் பசை செலுத்தி இறுக்கிக் கட்டினார். பழைய துளைகளை மரமுளை கொண்டு அடைத்தார். பிறகு, ஒரே கோட்டில் நில்லாமல் இரண்டு கோடுகளில் மாறி மாறி நிற்குமாறு புதிய துளைகள் இட்டு ஆணிகளை அமைத்தார். நான் அப்பள்ளியை விட்டு மாறுதலாகிச் செல்லும் வரை அப்பெஞ்சுகள் மீண்டும் பிளக்கவில்லை.

இக்காலத்தில் இளைஞர் பலர் தாமே அலமாரியும் மேசையும் செய்து பார்க்கின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பும் இணைப்பு முறை ஒன்று உண்டு. கடைக்காரர் அதனைப் ‘பாக்கெட் ஸ்க்ரூ’ என்பர். நாம் பைக்குழித் திருகாணி என்று சொல்லலாம். ஒரு சட்டத்தின் முனையை மற்றொரு சட்டத்தின் பக்கத்தில் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்னாளில் ஒன்றில் துளை பொளித்து, மற்றொன்றின் முனையை நாக்குப்போலச் சீவி நுழைப்பர். அதற்கு நாள்பட்ட பயிற்சி வேண்டும். இப்புது முறையிலோ, முதற் சட்டத்தின் உட்புற முகத்தில், பலகையின் தளத்தோடு ஏறத்தாழ 15 பாகைச் சாய்வில், சட்டைப் பை போன்ற குழி ஒன்றை இடுகிறோம். குழியின் மேற்பகுதி ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் அகலமுடையது. ஆணியின் தலை உள்ளே மறைந்து அமர்வதற்காக அவ்வகலம். அதன் அடியில் ஒரு படி; படிக்குக் கீழே சிறு துளை. அச்சிறு துளை வழியே சட்டத்தின் முனையைக் கடந்து, ஆணி இரண்டாம் சட்டத்திற்குள் சாய்வாகப் புகுந்து, இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. நல்ல முறைதான், விரைவானது, உறுதியானது. ஆயினும், ஆப்பு இதனுள்ளும் ஒளிந்திருக்கிறது. அதனைப் போக்கும் வழிகளை முறையாகக் கூறுகிறேன்.

முதலாவது, திசை. ஆணி இரண்டாம் சட்டத்தின் பக்கவாட்டில், அதாவது இழைக்குக் குறுக்கே புகுமாறு குழியை அமைக்க வேண்டும். சட்டத்தின் வெட்டு முனைக்குள் இழையோடு இழையாக ஆணி புகுந்தால் பிடிப்பும் குறைவு. பிளவிற்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, எந்தச் சட்டத்தின் முனை மற்றதன் மேல் முட்டுகிறதோ, அந்தச் சட்டத்திலேயே குழியிடுக.

இரண்டாவது, வழித்துளை. இவ்வகை ஆணிகளின் நுனியில் சிறு வெட்டுவாய் இருக்கும். அது துரப்பண அலகைப்போல மரத்தைச் சிறிது வெட்டிக்கொண்டே செல்லும். பைன் போன்ற மென்மரங்களுக்கு அதுவே பெரும்பாலும் போதும். தேக்கு, வேங்கை, வாகை முதலிய மரங்களிலும், எம்மரமாயினும் அதன் முனைக்கு அருகிலும், இரண்டாம் சட்டத்தில் தனியே துளையிட்டே தீரவேண்டும். அளவு அறிவதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். துரப்பண அலகைத் திருகாணியின் முன்னே பிடித்து வெளிச்சத்திற்கு எதிரே பாருங்கள். தண்டு அலகின் பின்னே மறைந்து, மரை மட்டும் இருபுறமும் தெரிந்தால் அதுவே உரிய அலகு. எட்டாம் எண் திருகாணிக்கு வன்மரத்தில் 3 மில்லிமீட்டர்த் துளையும், மென்மரத்தில் 2.5 மில்லிமீட்டர்த் துளையும் ஏற்றவை. தண்டுக்குத் துளை இடம் தருகிறது; மரை மட்டும் மரத்தைக் கவ்வுகிறது. தச்சர் கேட்ட வினாவிற்கு இதுவே விடை.

மூன்றாவது, ஆணியின் தலை. சாதாரணத் திருகாணியின் தலை கீழ்ப்புறம் கூம்பு வடிவினது. பைக்குழியின் படியில் அதனை வைத்து முடுக்கினால், அக்கூம்பே இரண்டாவது ஆப்பாகிப் படியைப் பிளக்கும். அதற்கெனச் செய்யப்பெற்ற ஆணிக்கு அடிப்புறம் தட்டையான, அகன்ற தலை உண்டு. அது படியின் மேல் அமர்ந்து அழுத்துமே தவிர, அகற்றாது. கிடைத்த ஆணியைக் கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான்.

நான்காவது, மரை. அகன்ற, இடைவெளி மிகுந்த மரை மென்மரத்திற்கும் ஒட்டுப்பலகைக்கும் உரியது. நெருங்கிய நுண்மரை வன்மரத்திற்கு உரியது. இதனை மாற்றினால் மென்மரத்தில் பிடிப்பு நழுவும். வன்மரத்தில் இழை பிளக்கும். நீளமும் அளவறிந்தே இருக்கவேண்டும். 18 அல்லது 19 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல ஆணி போதுமானது. அலமாரியின் பக்கப் பலகையில் அதனினும் நீண்ட ஆணியைச் செலுத்தினால் மறுபுறத்தில் முளைத்து நிற்கும்.

ஐந்தாவது, இடம். மரத்தின் முனையே பிளவு தொடங்கும் வாயில். மேசைப் பலகைகளைப் பக்கத்தோடு பக்கம் சேர்க்கும்போது, முதல் ஆணி முனையிலிருந்து 5 சென்டிமீட்டரேனும் தள்ளி நிற்கட்டும். பிறகு 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று போதும். சட்டத்தின் மூலையில் அவ்வளவு தள்ளிவைக்க இடமிராது. அங்கே பழந்தச்சரின் உபாயம் ஒன்று உதவும். நிலைச் சட்டத்தில் துளை பொளிக்கும்போது, சட்டத்தை வேண்டிய அளவினும் சிறிது நீளமாக விட்டுவைப்பர். வேலை முடிந்த பிறகே மிகுதியை அறுத்தெறிவர். அம்மிகுதி மரம் முனையைப் பிளவாது காக்கும். நீங்களும் நெடுக்குச் சட்டத்தை 3 அல்லது 4 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, ஆணி முடுக்கிய பின் அறுத்துக்கொள்ளலாம். உறுதிக்காக என்று எண்ணி இரண்டு ஆணி போதும் இடத்தில் நான்கு வைக்காதீர்கள். அவை யாவும் ஒரே இழையில் வரிசையாக நின்று, பாறை உடைக்கும் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆறாவது, முடுக்கும் முறை. இணைக்கும் இரு துண்டுகளையும் முதலில் கிளாம்பு போட்டு இறுக்கிக்கொள்ளவேண்டும். சாய்ந்து செல்லும் ஆணி அவற்றை இடம் பெயர்க்கப் பார்க்கும். ஆணியின் மரையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள், உராய்வு குறையும். சவர்க்காரம் தேய்ப்பாரும் உளர். அது ஈரத்தை ஈர்த்து ஆணியைத் துருவேறச் செய்யும், மெழுகே நன்று. மின்துரப்பணத்தின் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம் ஒன்று உண்டு. ஆணி முடுகும் விசைக்கு எல்லை கட்டுவது அதன் வேலை. சிறிய எண்ணில் தொடங்குங்கள். கடைசி அரைச் சுற்றைக் கையால் திருகுங்கள். தலை படியில் அமர்ந்து, இடைவெளி மூடியவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்குவதனால் இணைப்பு வலுப்பெறாது. மரை தான் கவ்விய இழைகளையே அறுத்துவிடும், அல்லது படி உடையும்.

ஒட்டுப்பலகையையும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையையும் பற்றி ஒரு சொல். இவற்றின் முகத்தில் ஆணி நன்றாகவே அமரும். ஓரத்தில் புகும்போது, அடுக்குகளுக்கு இடையே நுழைந்து அவற்றைப் பிரித்து விரிக்கும். ஓரத்தில் ஆணி வைக்க வேண்டியிருந்தால், வழித்துளையிட்டு, இரு முகங்களையும் கிளாம்பினால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் செலுத்துக.

இவ்வளவும் செய்த பிறகும் சில மேசைகள் ஆறு திங்கள் சென்று பிளப்பதுண்டு. அங்கே ஆப்பாவது பருவகாலம். அறுத்த மரம் உயிரற்றதாயினும் அசைவற்றதன்று. மழைக்காலத்தில் ஈரம் உண்டு பருக்கும். கோடையில் ஈரம் விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, அகலவாக்கிலோ பெரிது. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரையில் தேக்கு ஆரப்போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும், வளையப்போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும் சுருங்குகிறது. மற்ற மரங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது குறைந்த அளவே. தேக்கின் பெருமைக்கு இதுவும் ஒரு காரணம். அத்தகைய தேக்கே ஆயினும், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மேசைத்தளத்தில் ஈரம் 3 விழுக்காடு குறைந்தால், வளையப்போக்கில் அறுத்த பலகை 3 மில்லிமீட்டருக்கு மேலும் சுருங்கிவிடும். அத்தளத்தைக் குறுக்குச் சட்டத்தோடு அசையாதபடி ஆணியடித்து விட்டால் அது எங்கே சுருங்கும்? சுருங்க இடமின்றி நடுவில் பிளக்கும். ஆகவே, மேசைத்தளத்தைக் கால்சட்டத்தோடு பொருத்தும்போது, சட்டத்திலுள்ள துளையைத் தளத்தின் அகலவாக்கில் நீள்துளையாக இடுக. ஆணி தன் இடத்தில் இறுகி நிற்க, பலகை பருவத்திற்கேற்ப நகர்ந்துகொள்ளும். பலகையை வாங்கியவுடன் வேலையைத் தொடங்காமல், வீட்டினுள் சில வாரங்கள் அடுக்கி, இடையிடையே சிறு குச்சிகள் வைத்துக் காற்றாட விடுவதும் நலம்.

பிளவு கண்டுவிட்டால் என் செய்வது? மேலும் முடுக்கி அதனை மூட முயல்வது கூடாது. ஆணியைப் பின்வாங்குக. பிளவைச் சற்றே விரித்து, மெல்லிய தகட்டினால் பசையை உள்ளே செலுத்தி, கிளாம்பு போட்டு ஒரு நாள் விடுக. காய்ந்த பின், பழைய துளையை மரமுளையால் அடைத்து, சிறிது தள்ளிப் புதிய துளை இடுக. எல்லாவற்றிற்கும் மேலாக, உண்மைப் பலகையில் கைவைக்குமுன் அதே மரத்தின் கழிவுத் துண்டொன்றில் ஒரு முறை செய்து பாருங்கள். அத்துண்டு பிளந்தால் இழப்பு ஒன்றுமில்லை.

1937-ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, பிள்ளைகளின் கல்வி ஒரு கைத்தொழிலைச் சார்ந்து நடைபெற வேண்டும் என்று கூறியது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் அதனைப் பாடமாகப் படித்தோம். பிற்காலத்தில் பிள்ளைகளோடு மரவேலை வகுப்பில் நின்றபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. கணக்கில் பிழை செய்த மாணவன் விடைத்தாள் திரும்பி வரும் வரையில் அதனை அறியான். துளையிடாமல் ஆணியை முடுக்கிய மாணவனுக்கு மரம் அந்தக் கணத்திலேயே விடை சொல்லிவிடும். வீட்டில் உங்கள் மகனோ மகளோ பலகையும் துரப்பணமும் எடுத்துக்கொண்டு அமர்ந்தால், வேண்டாம் என்று தடுக்காதீர்கள். முதலில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்துப் பிளக்கச் சொல்லுங்கள். பிறகு ஆணியைக் கையில் கொடுத்து, அந்த இடத்து மரம் எங்கே போகும் என்று கேளுங்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் நின்று வளர்ந்த மரம் அப்பலகையில் இருக்கிறது. ஒரு சிறு துளையிட ஆகும் அரை நிமிடத்தை அதற்குக் கொடுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையின் கையில் உருவாகும் பெஞ்சில் நாம் அச்சமின்றி அமரலாம்.